ஏழு வருட ‘ஃபிட்ஸ்’: காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் இதயத் துடிப்புக் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

பையனுக்கு 11 வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது, பேச்சும் வரவில்லை. 4 வயதில் ‘ஃபிட்ஸ்’ என்று சொல்லி ஆரம்பித்த வால்ப்ரோயேட் மாத்திரை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவுக்காக ஓடிப் பழகும்போது மைதானத்தில் குப்புற விழுந்தான். முகம் வெளுத்தது, கைகால் வெட்டி இழுத்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். பி.டி. மாஸ்டர் பயந்துபோய் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். மாத்திரை அளவைக் கூட்டி எழுதித் தரச் சொல்லித்தான் அம்மாவும் அக்காவும் அவனை ராயபுரத்தில் நான் மாலையில் பார்க்கும் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்பவர். அம்மா மீன் விற்கிறார். அக்காவுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

எப்போதெல்லாம் விழுகிறான்

“மாத்திர ஒரு வேள கூட வுட்டது இல்ல சார். ஆனாலும் வருது.” அம்மா ஆரம்பித்தது இப்படித்தான். மாத்திரை ஒழுங்காகப் போயும் வலிப்பு நிற்காவிட்டால் வழக்கமாக அளவைக் கூட்டுவோம், அல்லது இன்னொரு மாத்திரை சேர்ப்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது வலிப்புதானா என்பது. அதற்கு விடை பெரும்பாலும் ஸ்கேனில் கிடைக்காது, விழுந்த கதையில்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு தடவையும் அவன் எங்கே இருந்தான், என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டேன். முதல் தடவை சந்தில் நாய் துரத்தியபோது. அப்புறம் ஒருமுறை அப்பா அடிக்கக் கை ஓங்கியபோது. ஒருமுறை ஊசி போடும்போது. துறைமுகத்துக் கல் மேலிருந்து பசங்களோடு கடலில் குதித்தபோது ஒருமுறை. நல்லவேளையாகப் பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிப் போட்டார்கள். தூக்கத்தில் வந்ததே இல்லை. டிவி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோதும் வந்ததில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதில்லை. எழுந்த மறுநொடியே அம்மாவை அடையாளம் தெரிகிறது, பசிக்கிறது என்று வயிற்றைக் காட்டுகிறான்.

வலிப்பு நோயில் பொதுவாக இப்படி இருக்காது. வெட்டி இழுத்து முடிந்த பிறகு குழப்பம் இருக்கும், தூங்கிப் போவார்கள், உடம்பு வலிக்கும். ஆனால் கைகால் வெட்டுவது வலிப்புக்கு மட்டுமே உரியது என்று நினைக்கக் கூடாது. இதயம் ரத்தத்தை அனுப்புவதை நிறுத்தினால் பத்து நொடி வாக்கில் நினைவு போய்விடும். மூளைக்கு ரத்தம் வராமல் போனாலும் கைகால் இழுக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடுவார்கள், இரண்டிலுமே அதனால் பயன் இல்லை.

இதுவரை பேசியதெல்லாம் அம்மாதான். பையன் மேசை மேல் இருந்த பி.பி. கருவியின் பம்பை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தான். அக்காவிடம், “விழறதுக்கு முன்னாடி என்ன ஆகுதுன்னு அவனையே கேளும்மா” என்றேன். வீட்டிலேயே உருவான சைகைகள் அவர்களுக்குள் உண்டு. அவள் கேட்டதும் அவன் வலது கையை நெஞ்சில் வைத்து, விரல்களைச் சடசடவென்று விரித்து மூடினான். பிறகு அதே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

“நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதாம் சார். அப்புறம் இருட்டாய்டுதாம்.”

கையிலிருந்த மஞ்சள் பையில் ஏழு வருடச் சீட்டுகள் இருந்தன. அவற்றில் எங்கும் இந்த ஒரு வரி இல்லை. பேச முடியாத பிள்ளை என்றதும் அவனிடம் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை போலும். எனக்கு இதில்தான் வருத்தம். மருந்து தப்பாகப் போனதில் அவ்வளவு இல்லை.

தாளில் இருந்தது

பையில் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. அறிக்கைகள் இரண்டு இருந்தன, இரண்டும் நார்மல். ஈ.ஈ.ஜி. நார்மலாக இருப்பதால் மட்டும் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதனால் மாத்திரையைத் தொடர்ந்ததில் ஒரு நியாயம் உண்டு. அடியில் ஒரு பழைய ஈசிஜியும் இருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் எங்கோ எடுத்தது. ஈசிஜித் தாளில் சூடு பட்டுத்தான் கோடு விழுகிறது, வருடம் போகப்போக மங்கிவிடும். இதுவும் பாதி வெளிறிப் போயிருந்தது. மேல் மூலையில் ‘நார்மல்’ என்று இயந்திரமே அச்சிட்டிருந்தது.

புதிதாக ஒன்று எடுத்தோம். இயந்திரம் இந்த முறை கியூடிசி, அதாவது இதயம் ஒருமுறை துடித்து மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தின் அளவு, 442 மில்லி விநாடி என்றது; அது சாதாரணம்தான். அந்த எண்ணை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூர்மையான முனை, அதற்குப் பின்னால் ஒரு சிறு மேடு. மேட்டுக்கு டி அலை என்று பெயர். முனைப் பகுதி தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் வரை உள்ள நேரம்தான் கியூடி இடைவெளி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது, ஆகவே ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. இவனுடைய டி அலை அகலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு, ஒட்டகத் திமில்போல் இரண்டு மேடாக இருந்தது. முதல் மேடு இறங்கியதும் அலை முடிந்துவிட்டது என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. ஸ்கேலை வைத்து எண்ணினால் இரண்டாவது மேடு அடிக்கோட்டைத் தொடும் வரை பன்னிரண்டரைக் கட்டம், அதாவது 500 மில்லி விநாடி. இரண்டு துடிப்புக்கு நடுவே 20 கட்டம், 0.8 நொடி. துடிப்பு வேகத்துக்கு ஏற்பக் கியூடியைச் சரிசெய்ய 1920ல் பாசெட் என்பவர் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம்: கியூடியைத் துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்படிச் சரிசெய்த எண்தான் கியூடிசி. கணக்கு 559 என்று வந்தது. ஆண்களில் 450, பெண்களில் 460 வரை சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். 500ஐத் தாண்டினால் ஆபத்து.

கால்குலேட்டர் இல்லாமலும் பார்க்கலாம். துடிப்பு நிமிடத்துக்கு 60க்கும் 100க்கும் நடுவில் இருக்கும்போது, ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் சரிபாதியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டி அலை அந்தக் கோட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இவனுக்குக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வெளிறிய பழைய தாளிலும் அதேதான்.

கியூடி இப்படிப் பிறவியிலேயே நீண்டிருப்பதற்கு நீண்ட கியூடி நோய் என்று பெயர். அதைக் கணிக்க ஷ்வார்ட்ஸ் மதிப்பெண் என்று ஒரு முறை உண்டு; மூன்றரை வந்தாலே சந்தேகம் வலுவானது. இவனுக்கு கியூடிசிக்கு 3, பதற்றத்திலோ உழைப்பிலோ வந்த மயக்கத்துக்கு 2, பள்ளம் விழுந்த டி அலைக்கு 1, பிறவிக் காது கேளாமைக்கு அரை. ஆறரை ஆகிவிட்டது. காது கேளாமைக்கு அரை மதிப்பெண்தான் என்பது படித்த காலத்திலிருந்தே எனக்கு வேடிக்கையாகப் படும், ஏனென்றால் இந்தப் பையன் விஷயத்தில் முழுக் கதையும் அதில்தான் இருந்தது.

காதும் இதயமும் ஒரே கதவு

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன்னைத் திரும்பத் தயார்செய்துகொள்ள வேண்டும். நம் தெரு அடிபம்பில் கைப்பிடி மேலே ஏறி வந்தால்தானே அடுத்த அடி அடிக்க முடியும், அதேபோல. இந்தத் தயாரிப்பு, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் சின்னச் சின்னக் கதவுகள் வழியாக வெளியேறுவதால் நடக்கிறது. ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். அப்போது தயாரிப்பும் வேகமாக முடிய வேண்டும். அந்த அவசர நேரத்துக்கென்றே ஒரு பொட்டாசியக் கதவு இருக்கிறது. அதற்கான குறிப்பு 11ஆம் குரோமோசோமில் உள்ள கே.சி.என்.கியூ.1 என்ற மரபணுவில் இருக்கிறது. அந்தக் கதவு பழுதானால் சும்மா இருக்கும்போது ஓரளவு சமாளித்துவிடலாம். நாய் துரத்தினால் முடியாது. தசை முழுதும் தயாராவதற்குள் அடுத்த துடிப்பு வந்து விழும். கீழறைகள் தாறுமாறாக முறுக்கிக்கொண்டு துடிக்கும். 1966ல் தெசர்தென் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த துடிப்பு வகை இது, இன்றும் அவர் வைத்த ‘தோர்சாத் த புவான்’ என்ற பெயராலேயே அழைக்கிறோம். பல நேரம் அதுவே நின்றுவிடும், பையன் எழுந்து மண்ணைத் தட்டுவான். நிற்காவிட்டால் மரணம்.

இதே கதவு உள்காதிலும் இருக்கிறது. உள்காது நீரில் பொட்டாசியம் நிறைந்திருந்தால்தான் ஒலி நரம்புச் செய்தியாக மாறும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பிரதி மரபணுவும் பழுதானால் அந்த நீருக்குப் பொட்டாசியம் போகாது, பிறவியிலேயே காது கேட்காது. 1957ல் நார்வேயில் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் காது கேளாத, மயங்கி விழுகிற நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் மூன்று பேர் திடீரென்று இறந்துபோயிருந்தார்கள். இந்த நோய் அவர்கள் பெயரால்தான் அறியப்படுகிறது. காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கு வரும் நீண்ட கியூடி நோய், 1963லும் 1964லும் ரோமானோ, வார்ட் இருவரும் தனித்தனியாக விவரித்தது, இதைவிடப் பரவலானது. சுமார் 2000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு.

வேறு என்னவாக இருக்கலாம் என்றும் பார்த்தோம். இதய ஸ்கேனான எக்கோவில் சுவர் தடிமன் நார்மல். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட முடியாது, ஏனென்றால் இதயத் தசை நோயோடு தொடர்புள்ள, எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்து நீங்கிப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களில் 100க்கு நான்கு பேர் வாக்கில் இருப்பது 2009ல் வெளியான ஆய்விலிருந்து தெரியும். கூடுதல் மின்பாதை இருப்பதற்கான அடையாளம் ஈசிஜியில் இல்லை. ஓடினால் விழுகிற இன்னொரு பரம்பரைக் கோளாறு உண்டு, ஆனால் அதில் ஓய்வில் எடுத்த ஈசிஜி நார்மலாகவே இருக்கும். பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் மூன்றும் சரி. கியூடியை நீட்டும் மருந்து எதுவும் போகவில்லை.

மரம் வரைந்தபோது

பெரிய அரசு மருத்துவமனை இதயவியல் பிரிவுக்குச் சீட்டு எழுதும் முன் குடும்ப மரம் வரைய ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேட்டபோது அம்மா இரண்டு என்றுதான் சொல்லியிருந்தார். தாளில் கட்டமும் வட்டமும் போட ஆரம்பித்த பிறகுதான், “நடுவுல ஒண்ணு இருந்துச்சு சார்” என்றார். பெண் குழந்தை. கூப்பிட்டால் திரும்பாது. இரண்டரை வயதில் கீழே விழுந்து அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகை பாதியில் அப்படியே சாய்ந்து போய்விட்டது. மூச்சடைத்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். ஷ்வார்ட்ஸ் கணக்கில் இதற்கு இன்னும் ஒரு அரை உண்டு. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கூட்டி எழுத எனக்குக் கை வரவில்லை, அவர்கள் போன பிறகு எழுதிக்கொண்டேன்.

கணவனும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒரு தம்பி இருந்தார். நீச்சலில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் குப்பத்தில் ஆள் கிடையாதாம். 24 வயதில், அலையே இல்லாத ஒரு காலையில், கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப் போனார். காத்து கருப்பு என்று இன்றும் சொல்கிறார்கள். இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு நீச்சல்தான் பெரிய ஆபத்து என்பது உலகம் முழுதும் கண்டது. நன்றாக நீந்தத் தெரிந்தவர் தெளிந்த நீரில் மூழ்கினால் இதயத்தை நினைக்க வேண்டும். அதற்காக அவர் இதனால்தான் இறந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. ஈசிஜி எடுக்காமல் போனவருக்கு நோய்ப் பெயர் சூட்டக் கூடாது.

மரபணுச் சோதனையில் பையனுக்கு கே.சி.என்.கியூ.1 இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு பிரதியில் மட்டும் அந்த மாற்றம். அப்பாவின் கியூடிசி 448, அம்மாவுக்கு 462. அப்பா சாதாரண எல்லைக்குள், அம்மா அதை மயிரிழையில் தாண்டியவர்; ஈசிஜியை மட்டும் பார்த்தால் இருவரையும் சரி என்று அனுப்பிவிடத் தோன்றும். அக்காவுக்கும் பழுதான ஒரு பிரதி இருக்கிறது. அவளுடைய கியூடிசி 474. அவள் இதுவரை ஒரே ஒரு முறை மயங்கியிருக்கிறாள், பள்ளிப் பிரார்த்தனையில் வெயிலில் நின்று, கண் இருட்டி, மெதுவாகச் சரிந்து. அது எல்லோருக்கும் வரும் சாதாரண மயக்கம்தான். இருந்தாலும் அவளுக்கும் மாத்திரை தேவை.

சிகிச்சை

மருத்துவமனையில் சேர்த்து, மானிட்டரில் வைத்து ப்ராப்ரனலால் ஆரம்பித்தார்கள். அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கும் பழைய, விலை குறைந்த மாத்திரை. வால்ப்ரோயேட்டை நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்; எந்த வலிப்பு மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ப்ராப்ரனலாலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் பட்டினியும் விரதமும் கூடாது. வாந்தி வந்து சாப்பிட முடியாவிட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு நாள் விட்டாலே ஆபத்து திரும்பி வரும்.

காது கேட்கிறவர்களின் இதே வகை நோயில் இந்த மாத்திரை நன்றாகக் காப்பாற்றும். இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்கு அது மட்டும் போதாது. 2006ல் வெளியான, 186 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டும் பாதிப் பேருக்கு மறுபடி பாதிப்பு வந்திருந்தது. பாதிப் பேருக்கு 3 வயதுக்குள்ளேயே முதல் மயக்கம் வந்திருந்தது. இவனுடைய கியூடிசி 559, சின்ன வயதிலேயே தொடக்கம், வீட்டில் ஒரு மரணம். ஆகவே ஐசிடி வைப்பது என்று முடிவானது: தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் கருவி, துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். ஷாக் வலிக்கும், வலி பயத்தைக் கூட்டும், பயம் மறுபடி துடிப்பைக் கெடுக்கும். இந்தச் சுழலைத் தடுக்க மாத்திரை கூடவே தொடர்கிறது. அப்படியும் ஷாக் அடிக்கடி வந்தால் நெஞ்சின் இடப்பக்க மேல்பகுதியில் இதயத்துக்குப் போகும் நரம்பு முடிச்சுகளை நீக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

கருவி தேர்வில் ஒரு சின்ன விஷயத்தை அக்காதான் கேட்டாள். பேட்டரி இறங்கினாலோ ஒயர் பழுதானாலோ கருவி எப்படித் தெரிவிக்கும்? சில கருவிகள் ‘பீப்’ என்று சத்தம் போடும். அவன் அதைக் கேட்கவே மாட்டானே! அதிர்வால் உணர்த்தும் வகையும் உண்டு, அதைத்தான் வைத்தார்கள்.

தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து கொடுத்தேன்: அசித்ரோமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், வாந்திக்குத் தரும் ஆண்டன்செட்ரான், டோம்பெரிடோன், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோல். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல், சளி என்றாலே கைக்கு முதலில் வருபவைதான் இவற்றில் பாதி. மழைக்காலத்தில் பையனுக்குச் சளி பிடித்தபோது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் மூன்று நாள் அசித்ரோமைசின் அட்டைதான். அக்கா அட்டையையும் லேமினேட் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினாலும் கியூடி நீளும், அதனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

பள்ளியில் பி.டி. மாஸ்டரும் இரண்டு ஆசிரியைகளும் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொண்டார்கள். ஓட்டப்போட்டியும் கடலும் அவனுக்குக் கிடையாது. கேரம் ஆடுகிறான். அந்தக் காது கேளாதோர் பள்ளியில் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஈசிஜி எடுத்துவிடலாமே என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். காது கேளாத பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இந்த நோய் இருக்கும், ஆனால் ஈசிஜி ஒரு தாள்தான். காது கேட்க உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் அறுவைக்குப் போகும் குழந்தைக்கு மயக்க மருந்துக்கு முன் கியூடியைக் கையால் அளந்து பார்ப்பது இன்னும் அவசியம்.

கல்யாணப் பேச்சு

அம்மாவின் கூடப்பிறந்த தம்பிதான் அக்காவுக்கு முறை மாப்பிள்ளை; வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். அவருக்கு 27 வயது. அவரும் இந்தப் பிரதியைச் சுமக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சுமந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: “சொந்தத்துல குடுக்காம வெளிய குடுத்தா மட்டும் நோவு வராதா?” சரியான கேள்வி. வெளியே கொடுத்தாலும் ஒரு பிரதி குழந்தைக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கத்தான் செய்யும், அதற்கு மாத்திரை இருக்கிறது என்றேன். இரண்டு பிரதி சேர்வது மட்டும் அநேகமாக நடக்காது. அக்கா எதுவும் பேசவில்லை. மறுநாள் தனியாக வந்து, அந்த நான்கில் ஒன்று என்பதைத் தாளில் கட்டம் போட்டுக் காட்டச் சொன்னாள். பிறகு, மாமாவின் ரிசல்ட் வரும் வரை பேச்சை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

அப்பாவுக்கு இளைப்பு உண்டு, ப்ராப்ரனலால் ஒத்துவராது. கடலுக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லியிருக்கிறோம்; நெஞ்சக மருத்துவரின் கருத்துக்குப் பிறகு வேறு மருந்து முடிவாகும். பெரியம்மா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் எல்லோருக்கும் ஈசிஜி ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு மரபணுச் சோதனை அனுப்பியிருக்கிறது. மாமன் மட்டும் இன்னும் வரவில்லை. படகு போய் வரும் நாட்களில் நேரமில்லை, ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுக்க முதல் வாரத்திலேயே அவருக்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம்.